வாயில்லா ஜீவனுக்கு டாக்டர் உண்டு. வளர்ப்பவருக்குத் துணை யார்?

மனிதர்களுக்கான ஆஸ்பத்திரிக்குப் போகிறவர், "இங்கேதான் வலிக்கிறது" என்று விரலை வைத்துக் காட்டிவிடுகிறார். மாட்டாஸ்பத்திரிக்கு வரும் நோயாளியால் அது முடியாது. கறவை மாடானாலும், காவல் நாயானாலும், வீட்டுப் பூனையானாலும், அதற்காக வாய் திறக்க வேண்டியவர் அதை வளர்ப்பவர்தான்.

அந்த வளர்ப்பவரோ பெரும்பாலும் கலங்கிப் போய் நிற்கிறார். இரவெல்லாம் கண் விழித்தவர். வேலைக்கு அரை நாள் லீவு சொல்லிவிட்டு வந்தவர். ஆட்டோவுக்குக் கொடுத்தது போக மீதி எவ்வளவு என்று எண்ணிப் பார்ப்பவர். டாக்டர் ஒருவர், காத்திருப்பவர்கள் பலர். கேட்ட கேள்விக்குச் சரியான பதில் வராவிட்டால் நோயைக் கண்டுபிடிப்பதும் தாமதமாகிறது.

ஆகவே, கால்நடை ஆஸ்பத்திரியில் ஒவ்வொரு முறையும் நோயாளிகள் இருவர். ஒன்று படுத்துக் கிடக்கிறது. மற்றவர் அதன் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். முதல் நோயாளியைக் கவனிக்க டாக்டர் இருக்கிறார். இரண்டாமவருக்குத் துணை நிற்க டாக்டர் பட்டம் தேவையில்லை. பேனா பிடிக்கத் தெரிந்தால் போதும். தமிழும் மலையாளமும் பேசத் தெரிந்தால் இன்னும் நல்லது. சித்தூர் வட்டாரத்தில் அப்படிப்பட்டவர்களுக்குப் பஞ்சமே இல்லை.

இரண்டு மொழி, ஒரு மாடு

நாம் சொல்லும் சித்தூர் ஆந்திரத்துச் சித்தூர் அல்ல. பாலக்காடு மாவட்டத்தின் கிழக்குக் கோடியில் இருக்கும் தாலுகா. வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம், கோவிந்தாபுரம் ஆகிய சோதனைச் சாவடிகளைத் தாண்டினால் தமிழ்நாடு. கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி, வடகரப்பதி பக்கம் கரிசல் மண். கேரளத்தின் மற்ற பகுதிகளைப் போல மழையும் இல்லை. வெள்ளாமை கைவிட்ட ஆண்டுகளில் குடும்பத்தைத் தாங்கி நிறுத்துவது தொழுவத்தில் நிற்கும் மாடுதான். கேரளத்தில் பால் அதிகம் கிடைக்கும் வட்டாரங்களில் சித்தூருக்கு முக்கியமான இடம் உண்டு.

மாடு வாங்குவது பொள்ளாச்சிச் சந்தையில். அதற்கு வைத்தியம் பார்ப்பது கேரள அரசின் ஆஸ்பத்திரியில். வளர்ப்பவர் வாயில் தமிழ். சுவரில் ஒட்டியிருக்கும் அறிவிப்பில் மலையாளம். அன்றாடப் பேச்சுக்கு இது பெரிய இடைஞ்சல் அல்ல. எல்லையோரத்தில் பிறந்தவர்கள் இரண்டையும் கலந்து பேசிச் சமாளித்து விடுவார்கள். ஆனால் நோய் என்று வரும்போது ஒரு சொல் பிசகினாலும் பொருள் மாறி விடும்.

நாம் கோமாரி என்பதை அங்கே குளம்புரோகம் என்பார்கள். நமக்கு மடிவீக்கம், அவர்களுக்கு அகிடுவீக்கம். தடுப்பூசியை அவர்கள் குத்திவைப்பு என்பார்கள். நம் ஊரில் பட்டி என்றால் ஆடு அடைக்கும் இடம். மலையாளத்தில் பட்டி என்றால் நாய். "பட்டியில நாலு உருப்படி சாகக் கிடக்குதுங்க" என்று ஒருவர் பதறினால், தெற்கே எங்கிருந்தோ புதிதாக மாற்றலாகி வந்த டாக்டர் நான்கு நாய்களுக்கு மருந்து எடுத்து வைத்தாலும் ஆச்சரியமில்லை!

சொந்த ஊர்க்காரருக்கே இப்படி என்றால், பிழைப்புக்காக வந்து குடியேறியவரின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை. கஞ்சிக்கோட்டில் ஆலை வேலைக்கு வந்தவர் குழந்தைகளுக்காக ஒரு நாய்க்குட்டி வளர்த்திருப்பார். தேவிகுளம், பீருமேடு தேயிலைத் தோட்டத்து லயத்தில் இருப்பவர் இரண்டு ஆடு கட்டியிருப்பார். அவர்களுக்கு ஆஸ்பத்திரியில் எந்த வாசலில் நிற்பது, எந்தச் சீட்டை யாரிடம் கொடுப்பது என்பதே பெரிய கேள்வி.

ஐந்து நிமிட உதவி

டாக்டர் அழைப்பதற்கு முன், காத்திருக்கும் நேரத்தில் ஒருவர் வந்து பக்கத்தில் உட்காருகிறார் என்று வைத்துக்கொள்வோம். "ஏனுங்க அண்ணா, மாடு எப்ப இருந்து தீனி எடுக்கலைங்க?" என்று கேட்கிறார். பதிலை ஒரு தாளில் எழுதிக்கொள்கிறார்.

பிறகு மற்றக் கேள்விகள். அசை போடுகிறதா? சாணி எப்படி இருக்கிறது, சிறுநீர் போகிறதா? பால் எத்தனை லிட்டரிலிருந்து எத்தனைக்குக் குறைந்தது? கன்று ஈன்று எவ்வளவு நாள் ஆயிற்று? இப்போது சினையா? கடைசியாக என்ன ஊசி, எப்போது போட்டது? புதிதாக என்ன தீவனம் கொடுத்தார்கள்? வீட்டில் வேறு மாட்டுக்கும் இப்படி உண்டா? நாயாக இருந்தால் வயது என்ன, வாந்தி எத்தனை முறை, தடுப்பூசி அட்டை இருக்கிறதா, யாரையாவது கடித்ததா?

இந்தப் பத்துக் கேள்விகளுக்குப் பதில் எழுதிய தாளை டாக்டர் கையில் கொடுத்தால் அவருடைய வேலை பாதி சுலபமாகிவிடும். சந்தையில் வாங்கிய மாட்டுக்கு ஈன்ற தேதியே தெரியாமல் இருக்கலாம். அதையும் "தெரியாது" என்று எழுதி வைப்பதே டாக்டருக்கு உதவும். தெரியாததைத் தெரிந்தது போலச் சொல்வதுதான் ஆபத்து.

மருந்து வாங்கி வெளியே வந்த பிறகும் உதவிக்கு இடம் உண்டு. எந்த மருந்து வாய் வழியாக, எது மேலே தடவ, எத்தனை வேளை, எத்தனை நாள் என்று தமிழில் எழுதிக் கொடுக்கலாம். இன்னொரு முக்கியமான விஷயம் இருக்கிறது. சில ஊசிகள் போட்ட பிறகு குறிப்பிட்ட நாட்கள் வரை பாலைச் சங்கத்தில் ஊற்றக் கூடாது; அந்தப் பாலில் மருந்து கலந்திருக்கும். டாக்டர் இதைச் சொல்லத்தான் சொல்கிறார். ஆனால் மாடு பிழைத்தால் போதும் என்ற பதற்றத்தில் நிற்பவர் காதில் அது விழுவதில்லை. அந்த நாள் கணக்கைத் தாளில் எழுதி, இன்ன தேதி வரை பால் ஊற்ற வேண்டாம் என்று வட்டமிட்டுக் கொடுக்க ஒரு குமாஸ்தா போதும்.

லண்டனில், சென்னையில்

இது ஒன்றும் புதிதாக முளைத்த யோசனை அல்ல. முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1917-ம் ஆண்டில், லண்டன் நகரின் ஏழைகள் மிகுந்த ஒயிட்சாப்பல் பகுதியில், மரியா டிக்கின் என்ற பெண்மணி ஒரு நிலவறையில் இலவசக் கால்நடை மருந்தகம் தொடங்கினார். தள்ளுவண்டிக்காரரின் கழுதை, கூலிக்காரர் வீட்டு நாய், பூனை எல்லாம் அங்கே வந்தன. டாக்டருக்குக் கொடுக்கக் காசில்லை என்பதற்காகப் பிராணியைத் துன்பப்பட விடக் கூடாது என்பதுதான் அவர் கொள்கை. பி.டி.எஸ்.ஏ. என்ற பெயரில் அந்த நிறுவனம் நூறாண்டைத் தாண்டி நடந்து வருகிறது. தொண்டர்கள் இல்லாமல் அது இவ்வளவு காலம் நிலைத்திருக்காது.

நம் சென்னையில் 1903-ம் ஆண்டே கால்நடை மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. ஆனால் தெருவில் கிடக்கும் பிராணிக்கும், கையில் காசில்லாதவர் தூக்கி வரும் பிராணிக்கும் வீட்டிலேயே இடம் கொடுத்துத் தொடங்கியவர்கள் விமானி கேப்டன் வி. சுந்தரமும், அவர் மனைவியும் விமானியுமான உஷா சுந்தரமும் ஆவர். 1959-ல் அவர்கள் தொடங்கிய புளூ கிராஸ் அமைப்பு 1964-ல் பதிவு செய்யப்பட்டது. தெரு நாய்களைக் கொல்வதற்குப் பதிலாகக் கருத்தடை செய்யலாம் என்று அந்த நாளிலேயே அவர்கள் வற்புறுத்தினார்கள். சென்னை மாநகராட்சி அந்த வழிக்கு வந்தது 1996-ல்தான். முப்பது ஆண்டுக்கு மேல் அந்த வேலையைத் தாங்கி நின்றவர்களில் பெரும் பகுதியினர் சம்பளம் வாங்காத சாதாரண மனிதர்கள்.

பிராணியை இழந்தவர்களுக்கு ஆறுதல் சொல்வதற்கென்றே தனி ஏற்பாடும் வெளிநாட்டில் உண்டு. அமெரிக்காவில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் கால்நடை மருத்துவக் கல்லூரியில் 1989-ல் இதற்கென ஒரு தொலைபேசி எண் வைத்தார்கள். கால்நடை மருத்துவம் படிக்கும் மாணவர்களே தொண்டர்களாக அதன் முன் அமர்ந்து, நாயைப் பறிகொடுத்தவர்கள் அழுது தீர்ப்பதைப் பொறுமையாகக் கேட்டார்கள். பிரிட்டனில் 1994-ல் இதே போன்ற சேவை பயிற்சி பெற்ற தொண்டர்களைக் கொண்டு தொடங்கியது.

"நாய் செத்ததற்கு ஒரு டெலிபோனா?" என்று நம்மில் சிலர் சிரிக்கலாம். பத்து ஆண்டு கூடவே வளர்ந்த நாய் செத்த வீட்டில் குழந்தை சோறு உண்ணாமல் கிடப்பதைப் பார்த்தவர்கள் சிரிக்க மாட்டார்கள்.

உயிர் போகும் விஷயம்

இந்தத் தொண்டில் மிக முக்கியமான பகுதி இதுதான். இதில் காப்பாற்றப்படுவது பிராணியின் உயிர் மட்டும் அல்ல, மனித உயிரும்கூட.

மாடு தீனி தின்னாமல், வாயில் எச்சில் ஒழுகி, ஒரு மாதிரியாகக் கத்துகிறது. தொண்டையில் ஏதோ சிக்கிக்கொண்டது என்று நினைத்து, வளர்ப்பவர் வாய்க்குள் கையை விட்டுத் துழாவுகிறார். பாசத்தால் செய்கிற காரியம்தான். ஆனால் வெறிநாய் கடித்த மாட்டுக்கும் இதே அறிகுறிகள்தான் தோன்றும். கையில் சிறு கீறல் இருந்தாலும் அந்த எச்சில் வழியே நோய் மனிதனுக்குத் தொற்றலாம். வெறிநோய் அறிகுறி தோன்றிய பிறகு பிழைப்பது அரிதிலும் அரிது. "வாய்க்குள் கை விட்டீர்களா? யாரெல்லாம் விட்டீர்கள்?" என்று ஆஸ்பத்திரி வாசலில் ஒருவர் கேட்டு, உடனே டாக்டர் காதில் போட்டால் ஒரு குடும்பமே தப்பும்.

கடியோ கீறலோ பட்டால் முதல் வேலை, காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவுவது. பிறகு அன்றே மனிதர்களுக்கான அரசு ஆஸ்பத்திரிக்குப் போவது. மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்த்தூள் எதுவும் காயத்தில் வைக்கக் கூடாது. கடித்தது வீட்டு நாய் என்றால் அதை அடித்துக் கொன்றுவிடாமல், கட்டி வைத்துப் பத்து நாள் கவனிக்க வேண்டும். அதற்காக மனிதருக்கு ஊசி போடுவதைத் தள்ளிப் போடவும் கூடாது.

வயதானவர்கள் இன்னமும் தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்று பயப்படுகிறார்கள். 1907-ல் குன்னூரில் தொடங்கிய பாஸ்டர் நிலையம் நம் தாத்தாக்கள் காலத்தில் பல உயிர்களைக் காத்தது. அந்தப் பழைய வகை ஊசி 2005-க்குள் நாட்டிலேயே நிறுத்தப்பட்டுவிட்டது. இப்போது கையில் போடுகிற சில ஊசிகளே போதும். கடி பலமாக இருந்தால் காயத்தைச் சுற்றி வேறொரு மருந்தும் செலுத்துவார்கள். அதையும் கேட்டுப் போட்டுக்கொள்ள வேண்டும்.

கேரளத்தில் 2022-லும் 2025-லும் ஊசி போட்டுக்கொண்ட சிலரும் இறந்து போனார்கள். 2022-ல் இறந்தவர்களில் நம் பாலக்காடு மாவட்டக் கல்லூரி மாணவி ஒருவரும் உண்டு. கடித்தது தெரு நாய் அல்ல. பக்கத்து வீட்டில் வளர்த்த நாய். இதைக் கேட்டு ஊசியில் நம்பிக்கை இழப்பது தவறு. தலை, முகம், விரல் நுனி போன்ற இடங்களில் நரம்புகள் அதிகம். அங்கே ஆழமாகக் கடித்தால் நோய் மூளைக்கு வேகமாகப் போகிறது. ஆகவே கழுவுவதிலும் ஊசியிலும் ஒரு மணி நேரத் தாமதமும் கூடாது என்பதே இதிலிருந்து கற்க வேண்டிய பாடம்.

அதைவிடப் பெரிய பாடம், நாய்க்கே ஊசி போட்டுவிடுவது. குட்டிக்கு மூன்று மாதம் ஆனதும் முதல் ஊசி. பிறகு டாக்டர் சொல்லும் தேதியில் அடுத்தது. அதன் பின் ஆண்டுதோறும். கேரளத்தில் நாய் வளர்க்கப் பஞ்சாயத்து லைசென்ஸ் வேண்டும். அதற்கு இந்த ஊசிச் சான்றும் வேண்டும். எந்தத் தெருவில் யார் வீட்டு நாய்க்கு எந்த மாதம் ஊசி என்று ஒரு நோட்டில் எழுதி வைத்து, தேதி நெருங்கும்போது நினைவூட்டினால் அதுவே பெரிய தொண்டு.

மாடு செத்த பிறகு

எவ்வளவு பார்த்தாலும் சில பிராணிகள் பிழைப்பதில்லை. நாய் செத்தால் மனக் கஷ்டம். மாடு செத்தால் மனக் கஷ்டத்தோடு கடனும் சேர்ந்து நிற்கிறது. சங்கத்திலோ பாங்கியிலோ வாங்கிய கடனுக்கு மாடு இல்லாமல் தவணை கட்ட வேண்டும்.

இன்ஷூரன்ஸ் இருந்தால் ஓரளவு தப்பலாம். ஆனால் அங்கேதான் பலர் தோற்றுப் போகிறார்கள். அழுதுகொண்டே குழி தோண்டிப் புதைத்துவிட்டு, நாலு நாள் கழித்துக் கம்பெனிக்குப் போனால் பணம் கிடைப்பது கடினம். செத்த உடனே கம்பெனிக்கும் டாக்டருக்கும் தகவல் சொல்ல வேண்டும். காதில் மாட்டிய வில்லை அப்படியே இருக்க வேண்டும். அதிலுள்ள 12 இலக்க எண்தான் மாட்டுக்கு அடையாளம். வில்லை தெரியும்படி படம் எடுக்க வேண்டும். டாக்டர் பரிசோதித்துக் கொடுக்கும் சான்றிதழ் வேண்டும். பாரம் நிரப்ப வேண்டும். பாங்கிப் புத்தகத்தில் உள்ள பெயரும் பாலிசியில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும்.

ஆபீசில் தினமும் பாரம் நிரப்பும் நம்மவருக்கு இது அரை மணி நேர வேலை. எழுத்து வாசனை இல்லாத ஒரு விதவைத் தாய்க்கோ, அது ஒரு குடும்பத்தின் ஓராண்டுப் பிழைப்பு.

இன்னொரு எச்சரிக்கை. நேற்றுவரை நன்றாக இருந்த மாடு திடீரென்று செத்து, மூக்கிலும் ஆசனவாயிலும் உறையாத கறுப்பு ரத்தம் வந்திருந்தால் அதைத் தோலுரிக்கவோ அறுக்கவோ கூடாது. அது அடைப்பான் நோயாக இருக்கலாம், மனிதருக்கும் தொற்றும். டாக்டர் வந்து பார்க்கும்வரை ஆட்களையும் நாய்களையும் கிட்டே விடாமல் நிறுத்தி வைப்பதும் தொண்டர் வேலைதான்.

துக்கத்தில் இருப்பவரிடம் "இன்னொரு மாடு வாங்கிக்கொள்ளலாம்" என்று உடனே சொல்லிவிடக் கூடாது. அவர் அந்த மாட்டைப் பற்றிப் பேசினால் கேட்க வேண்டும். அவ்வளவுதான். அமெரிக்க மாணவர்கள் தொலைபேசியில் செய்ததும் அதைத்தான். நம் ஊரில் இழவு வீட்டுத் திண்ணையில் காலங்காலமாகச் செய்து வருவதும் அதைத்தான்.

எல்லை தாண்டக் கூடாது

தொண்டருக்குச் சில கட்டுப்பாடுகள் உண்டு. ஊசி போடுவது, மருந்து சொல்வது, மருந்தின் அளவை மாற்றுவது கூடவே கூடாது. 1984-ம் ஆண்டு இந்தியக் கால்நடை மருத்துவக் கவுன்சில் சட்டப்படி வைத்தியம் பார்ப்பது பதிவு பெற்ற டாக்டர்களின் வேலை. "எங்க பாட்டி இதுக்கு ஒரு கஷாயம் வெப்பாங்க" என்று டாக்டர் அறை வாசலில் ஆரம்பிப்பதும் வேண்டாம்.

"கட்டாயம் பிழைத்துவிடும்" என்று வாக்குக் கொடுக்கக் கூடாது. காசு வாங்கக் கூடாது. டீ வாங்கிக் கொடுத்தால் குடிக்கலாம்! வரிசையில் தெரிந்தவரை முன்னால் விடக் கூடாது. பிராணியைப் பிடித்துக்கொள்ளச் சொன்னால் முறை தெரிந்தால் மட்டும் பிடிக்க வேண்டும். மிரண்ட மாட்டின் உதையும் பயந்த நாயின் கடியும் ஆள் பார்த்து வருவதில்லை. வாரந்தோறும் ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் டாக்டரைக் கேட்டு வெறிநோய்த் தடுப்பூசியை முன்கூட்டியே போட்டுக்கொள்வது நல்லது. நஞ்சுக்கொடி, ரத்தம் எதையும் வெறுங்கையால் தொடக் கூடாது.

எப்படித் தொடங்குவது?

கேரளத்தில் கால்நடை ஆஸ்பத்திரிகள் 1990-களின் நடுவிலிருந்து உள்ளாட்சி அமைப்புகளின் பொறுப்பில் இருக்கின்றன. ஆகவே திருவனந்தபுரத்துக்கு மனு அனுப்பிக் காத்திருக்க வேண்டியதில்லை. முதலில் டாக்டரைப் பார்த்து, அவருக்கு என்ன உதவி தேவை என்று கேட்க வேண்டும். பிறகு பஞ்சாயத்து மெம்பரிடம் சொல்லலாம்; கிராம சபையில் எழுந்து பேசலாம். கூட்டம் அதிகமான ஒரு நாளில், காலை இரண்டு மணி நேரம், இரண்டு பேர். ஆரம்பத்துக்கு இது போதும்.

ஆட்கள் எங்கே என்று கேட்க வேண்டாம். சித்தூர் அரசுக் கல்லூரியில் தமிழ் படிக்கும் மாணவர்கள் இருக்கிறார்கள். ரிட்டையரான ஆசிரியர்கள், தபால் ஊழியர்கள் இருக்கிறார்கள். குடும்பஸ்ரீ பெண்களில் மாடு வளர்ப்பவர்கள் பலர். அவர்களுக்குத் தெரிந்ததில் பாதி நமக்குத் தெரியாது. சிறுபான்மை மொழிக்காரர்களான நாம் அரசு அலுவலகங்களுக்குத் தமிழிலேயே எழுத 1969-ம் ஆண்டு கேரள ஆட்சி மொழிச் சட்டம் உரிமை தருகிறது. அந்த உரிமையை நினைவில் வைத்து, ஆஸ்பத்திரி அறிவிப்பின் பக்கத்தில் தமிழிலும் ஒரு பலகை வைக்கலாமா என்று மரியாதையாகக் கேட்கலாம். பலகையை எழுதித் தருவதும் நம் செலவாகவே இருக்கட்டும்.

1962 என்ற எண்ணை ஒவ்வொரு தொழுவத்துச் சுவரிலும் எழுதி வைக்கலாம். நடமாடும் கால்நடை வைத்திய வண்டியை அழைப்பதற்கான இலவச எண் அது. கேரளத்தில் 2023 ஜனவரியில் 29 வண்டிகளோடு இது தொடங்கியது. தமிழ்நாட்டிலும் இதே எண்தான். எல்லைக்கு இந்தப் பக்கம் வீடும் அந்தப் பக்கம் தோட்டமும் வைத்திருப்பவருக்கு ஒரே எண்ணை நினைவில் வைத்தால் போதும். நள்ளிரவில் கன்று வெளியே வராமல் மாடு தவிக்கும்போது, போனில் இடத்தைத் தெளிவாகச் சொல்லவும், வண்டிக்கு வழி காட்ட ரோட்டில் டார்ச் லைட்டோடு நிற்கவும் ஒருவர் வேண்டும். அந்த ஒருவர் பக்கத்து வீட்டுக்காரராக இருந்தால் அதுவும் தொண்டுதான்.

பிழைக்க வந்த ஊரில் நமக்கு மதிப்புத் தேடித் தருவது நாம் சேர்க்கும் பணம் மட்டும் அல்ல. பேச முடியாத பிராணிக்காகவும், பேசத் தெரிந்தும் மொழி புரியாமல் நிற்கும் மனிதருக்காகவும் வாரம் இரண்டு மணி நேரம் செலவிடுகிறவரைத் தமிழரும் மதிப்பர், மலையாளியும் மதிப்பார். அடுத்த முறை மாட்டாஸ்பத்திரிப் பக்கம் போகும்போது பையில் ஒரு பேனாவும் நாலு வெள்ளைத் தாளும் இருக்கட்டும்.